தூதரகத்து மிஸ்ஸின் குரல்

இருங்கோ அன்ரி, இந்த மர வாங்கில் ஒருத்தரும் உட்காரவில்லை. பூங்கொத்தை எடுத்து மடியில் வைக்கிறேன். அம்மா வாங்கியது. படம் எடுக்கும்போது கையில் ஏதாவது இருந்தால்தான் வடிவாம். அம்மாவும் அப்பாவும் உள்ளே, மண்டபத்தில், முதல் வரிசையில். நான் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

உங்கள் மகனுக்கும் இன்றைக்குத்தானா ஜேர்மன் குடியுரிமை? நல்லது. மேயர் இன்னும் வரவில்லை, ரோட்டில் மாட்டிக்கொண்டாராம். அந்தக் கண்ணாடி போட்ட பெண் இப்போதுதான் ஒலிவாங்கியில் சொன்னாள்: "அன்பான விருந்தினர்களே... ம்ம்... சிறிது நேரம்... ம்ம்... பொறுமை." அப்படியே இருக்கா? சிரிக்கிறீங்கள்! எனக்கு இது ஒரு வருத்தம் அன்ரி, தீராத நோய். ஒரு குரலை இரண்டு தரம் கேட்டால் போதும், அது என் தொண்டைக்குள் வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிடும். ரயிலில் அறிவிக்கிற மனிசனைச் செய்வேன். கணக்கு வாத்தியாரைச் செய்து ஒரு வகுப்பையே கலைத்து அனுப்பியிருக்கிறேன். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் சாப்பிடப் போன நேரம், "அடியார்கள் கவனத்துக்கு, வெள்ளை நிற பிஎம்டபிள்யூக்காரர் தயவுசெய்து வாகனத்தை எடுக்கவும்" என்றேன். ஒன்பது பேர் ஓடிவந்தார்கள். எங்கள் ஆட்களிடம் எத்தனை வெள்ளை பிஎம்டபிள்யூ என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பாதான் எனக்கு முதல் ரசிகர். யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், "மிதுனா, கனடாப் பெரியம்மாவை ஒருக்காச் செய்து காட்டு" என்பார். நான் மூக்கால், அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, "ரஞ்சினீ, போன் எடுக்கிறாய் இல்லை, பெரிய ஆளாகீட்டாய்" என்று தொடங்கினால், கண்ணீர் வருமட்டும் சிரிப்பார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்து கைகள் சூடுபட்ட தழும்பாய்க் கிடக்கும். அந்தக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா" என்பார்.

அதனால் வந்த வினைதான் இது.

இப்போது மேயர் வந்து, அப்பா அந்த ஜேர்மன் கடதாசியைக் கையில் வாங்கினால், அவருடைய இலங்கைக் குடியுரிமை அந்த நிமிடமே போய்விடும். போகாது என்று நினைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறார். அப்படி நினைக்க வைத்தது நான்.

இல்லை இல்லை, ஜேர்மன்காரனால் பிரச்சினை இல்லை. சட்டம் மாற்றிய பிறகு அவன் பழையதை விடச் சொல்வதில்லை, வைத்திரு என்கிறான். இலங்கைக்காரன்தான், இன்னொரு நாட்டை எடுக்க முதலே என்னிடம் கேட்டு அனுமதி எடு என்கிறான். அனுமதி வராமல் எடுத்தால் அது தானாகப் போய்விடும். அப்பா கேட்டு எழுதிப் போட்டார். தூதரகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மிஸ் இருந்தா. நல்ல மனிசி அன்ரி. தமிழை மெத்தென்று பேசுவா. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வால் இருக்கும். "ஐயா, நீங்கள் குடுத்தது எல்லாம் இருக்கு, சரிதானே? நாங்கள் கொழும்புக்கு அனுப்புறது, சரிதானே? வந்த உடனே சொல்றது, சரிதானே?" ரயிலில் திரும்பி வரும்போதே எனக்கு அந்தக் குரல் வந்துவிட்டது. அப்பாவுக்குச் செய்து காட்டினேன். முன்னால் இருந்த ஜேர்மன் கிழவி திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தார்.

பிறகு மாதக்கணக்காய் ஒன்றும் வரவில்லை. இங்கேயோ எல்லாம் தயார், வந்து வாங்குங்கள் என்று நகரசபையில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா இரண்டு தரம் தள்ளிப் போட்டார். "என்ர நாட்டில இருந்து ஒரு பேப்பர் வரவேணும்." அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் அதையே சொல்வார். அவருடைய சம்பளத்தைக் காட்டி மூன்று பேருக்கும் சேர்த்துப் போட்ட விண்ணப்பம். அவர் நின்றால் நாங்களும் நிற்க வேண்டும்.

அம்மாவுக்குப் பத்திக்கொண்டு வரும். "அந்தப் பாஸ்போட்டை வைச்சுக்கொண்டு என்ன செய்யப் போறீங்கள்? அவிச்சுத் தின்னப் போறீங்களோ?"

"சந்திரனைக் கேக்கிறதுக்கு வேணும்."

சந்திரன் என்றால் என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். நான் அந்த வருசம்தான் இங்கே பிறந்தேன். அப்போது அப்பாவுக்கு விசா சரியில்லை. அதனால் இங்கே பிறந்தும் எனக்கும் அப்பாவின் நாடுதான்.

"கேக்கிறதுக்கு உங்களுக்கு வாய் இருக்குத்தானே" என்பா அம்மா.

"வாயைக் கொண்டுபோய் என்ன செய்யிறது? முதல்ல, நீ ஆர் எண்டுதான் கேப்பாங்கள்."

கேட்டார்கள்தான். நானும் பக்கத்தில் நின்றேன். இலங்கைக்கு நான் போனது அந்த ஒரு தரம். வீதியோரத்தில் ஒரு கொட்டகை. பிள்ளைகளைக் காணாத அம்மாமார் படங்களை வைத்துக்கொண்டு இருப்பார்கள். அப்பா ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு முழுநாள் அங்கே சித்தப்பாவின் படத்தோடு இருப்பார். இஸ்திரி போட்ட சேட்டோடு ஒருத்தன் வந்தான். யாரென்று சொல்லவில்லை. "நீங்கள் வெளிநாட்டு ஆள்தானே? உங்களுக்கு இதில் என்ன வேலை?" அப்பா சேட்டுப் பொக்கற்றில் இருந்து பாஸ்போட்டை எடுத்துக் காட்டினார். "நான் இந்த நாட்டு ஆள். என்ர தம்பியைக் கேக்கிறன்." அவன் திரும்பிப் போனான். வீட்டுக்கு வந்து அவன் குரலையும் அப்பாவின் குரலையும் மாற்றி மாற்றிச் செய்தேன். அப்பா இருமுமட்டும் சிரித்தார்.

அந்தப் பாஸ்போட் இல்லாவிட்டால் கேட்க முடியாதா என்றால், எனக்குத் தெரியாது அன்ரி. முடியும் போலத்தான் இருக்கிறது. பிறகு திருப்பி எடுக்கவும் வழி இருக்கிறதாம். ஆனால் அப்பா சொல்வார், "விட்டிட்டுப் போய்த் திருப்பிக் கேக்கிறவனும் விடாமல் நிண்டவனும் ஒண்டோ? நான் விட்டிட்டன் எண்டு அவன் நினைக்கக் கூடாது."

அவன் என்பது அரசாங்கம் இல்லை. சித்தப்பா.

ஒரு நாள் அப்பா என்னிடம், "சந்திரனைச் செய்வியோ?" என்று கேட்டார். சித்தப்பாவின் குரல் எதிலும் பதிவாகி இல்லை. அப்பா சொல்லிச் சொல்லித் தந்தார். "கொஞ்சம் கீச்சுக் குரல். 'அண்ணை' எண்டேக்க கடைசியில ஒரு இழுவை." நான் செய்தேன். இல்லை என்றார். இன்னும் மெல்லமாய்ச் செய்தேன். இல்லை என்றார். மூன்றாம் தரம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். என்னால் செய்ய முடியாமல் போன ஒரே குரல் அது.

சரி, இந்தக் கதைக்கு வருவோம். போன வைகாசியில் எங்கள் வகுப்பு முழுவதும் லண்டன் போனது. எனக்கு இலங்கைப் பாஸ்போட், அதற்கு விசா எடுக்க வேண்டும், நேரம் காணவில்லை. ஒரு கிழமை என்னைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் இருத்தி வைத்தார்கள். என் சிநேகிதி லெயோனி அங்கே பாலத்தில் நின்று படம் படமாய் அனுப்புகிறாள். நான் இங்கே பதினொரு வயசுப் பெடியளோடு நீர்ச்சக்கரம் வரைந்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கத்தினேன். "உங்களுக்குச் சித்தப்பாதான் பிள்ளை. அப்ப நான் ஆர்?" என்று கேட்டேன். அதை விடுங்கோ. கோபத்தில் எல்லாரும் சொல்வதுதானே. அப்பாவும் அதை மறந்துவிட்டார். பிறகு அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

நான் சொல்ல வந்தது ரெலிபோன் கதை. வகுப்பு லண்டனால் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்கு வேலை இல்லை, குசினியில் இருந்து லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். லெயோனி என் அறையில். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் நான் யாரையாவது ஏமாற்றினால் அவளுக்குப் பொழுது போகும். அவளுடைய போனில் இலக்கத்தை மறைத்துப்போட்டு அப்பாவுக்கு அடித்தேன்.

ஓம் அன்ரி, சனிக்கிழமைதான். ஏன்?

நான் தொடங்கினேன். "ஐயா குணபாலசிங்கம்தானே? தூதரகத்திலேர்ந்து பேசுறது, சரிதானே?"

"ஓம் மிஸ், ஓம் மிஸ்." கத்தி பலகையில் விழுந்த சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

"ஐயாவோட அப்ளிகேசன் கொழும்பிலேர்ந்து வந்தது, சரிதானே? பிரச்சினை ஒண்டும் இல்லை. இரண்டு நாடும் வைச்சிருக்கலாம், சரிதானே?"

லெயோனி தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்குகிறாள். எனக்கும் வயிறு வெடிக்கிறது. அப்போது அப்பா கேட்டார் பாருங்கோ ஒரு கேள்வி: "பிள்ளை, நீங்கள் வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

அரசாங்க அலுவலரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? அப்பா இப்படித்தான், யாரோடும் சொந்தக்காரர் மாதிரிப் பேசுவார். நானும் விடவில்லை. "நாங்கள் யோசிச்சுத்தான் ஐயா சொல்றது, சரிதானே?"

"இது நடந்தால் உங்களுக்குச் சந்தோசமோ?"

"எங்களுக்குச் சந்தோசம்தான் ஐயா, சரிதானே?"

"அப்ப சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர்தான் வைத்தார்.

என் வழக்கம் என்ன தெரியுமா? ஏமாற்றி முடித்ததும் அதே குரலில் பேசிக்கொண்டே போய் முன்னால் குதிப்பேன். அப்பா "அடி கள்ளி" என்று கையில் கிடைத்ததை எறிவார். அன்றைக்கும் அதற்குத்தான் குசினி வாசலுக்கு ஓடினேன். அப்பா நிலத்தில் இருந்தார் அன்ரி. கதிரை இருக்க நிலத்தில். குளிர்சாதனப்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிய சித்தப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு, "சரியடா சந்திரன், சரி" என்றார். "சரியடா." அப்படி அழுததை நான் கண்டதில்லை. வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல்.

சந்தோசத்தில் அழுகிற மனிசனுக்கு முன்னால் போய் எப்படிக் குதிப்பது? அம்மா குளித்துவிட்டு வந்து, "என்ன, என்ன நடந்தது?" என்று பதறினா. "தூதரகத்தில இருந்து எடுத்தவை. கிடைச்சிட்டுதாம்" என்றார் அப்பா. அம்மா சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றினா. பின்னேரம் வடை சுட்டா. லெயோனிக்கும் ஐந்து வடை. கனடாப் பெரியம்மா வீடியோவில் வந்து, "பாத்தியே, நான் நேர்ந்து வைச்சனான்" என்றா. நான் வடையை வாயில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அப்பா நகரசபைக்கு அடித்து, "பேப்பர் சரி, நாள் தாங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தபால் பெட்டியைத்தான் திறந்தேன். உண்மையான அனுமதி வந்துவிட்டால் என் பொய் உண்மையாகிவிடும், இல்லையா? பீட்சாக் கடை விளம்பரம் வந்தது. காது கேட்கும் கருவி விளம்பரம் வந்தது. ஒரு தரம் அப்பாவிடமே கேட்டேன்: "அப்பா, அவை கடிதம் ஒண்டும் அனுப்ப மாட்டினமோ?" "வரும், வரும்" என்றார். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிசன். மிஸ்ஸுக்கு ஒரு ரெலிபோன் எடுத்துக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். அப்படியென்றால் அவரிலும் கொஞ்சம் பிழை இருக்கிறதுதானே?

ஒரு காலையில், அவராய்ப் பிடிபடட்டும் என்று சாப்பாட்டு மேசையில் அந்தக் குரலைச் செய்தேன். "ஐயா, பாணுக்கு பட்டர் பூசினதா, சரிதானே?" எந்தக் குரலுக்கும் சிரிக்கிற மனிசன் சிரிக்கவில்லை. "அந்தக் குரலை இனிச் செய்யாதை, குஞ்சு" என்றார். கிடைத்த நன்மைக்கு மரியாதை போல.

இன்றைக்கு இங்கே வாசிக்க வேண்டிய உறுதிமொழியை அவர் பாடமாக்கியதைப் பார்த்திருக்க வேண்டும் அன்ரி. கண்ணாடிக்கு முன்னால் நின்று, தாடையை இறுக்கிக்கொண்டு, ஜேர்மன் சொற்களை ஒவ்வொரு கல்லாய்த் துப்புவார். வேறு நாளென்றால் அதைச் செய்து காட்டி உங்களை விழுத்தியிருப்பேன். இன்றைக்கு வரவில்லை.

ஓம், சொல்லத்தான் வேண்டும். தெரியும். பஸ்ஸில் வரும்போது சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் தலைமயிரைச் சரிபண்ணத் தொடங்கிவிட்டா. இப்போது சொன்னால் அவர் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவார். அம்மா என்னைக் கொன்றுபோடுவா. எனக்கும் ஜேர்மன் பாஸ்போட் கிடைக்காது. சொல்லாவிட்டால் சித்தப்பாவை...

அந்தக் கறுப்புக் கார். சங்கிலி போட்டுக்கொண்டு இறங்குகிறாரே, அவர்தான் மேயர். அன்ரி, இந்தப் பூவைக் கொஞ்சம் பிடியுங்கோ. நான் போய்ச் சொல்கிறேன்.

*

இன்னும் இங்கேதான் இருக்கிறீங்களா? உங்கள் மகன் வாங்கிவிட்டாரா? நல்ல கறுப்புக் கோட். நான் கொஞ்சம் இருக்கட்டுமா?

சொன்னேன் அன்ரி. பக்கத்தில் போயிருந்து, காதுக்குள் சொன்னேன். "அப்பா, அண்டைக்கு வந்த ரெலிபோன் தூதரகம் இல்லை. அது நான்." அவர் முன்னால் பார்த்தபடியே இருந்தார். கேட்கவில்லையாக்கும் என்று இன்னொரு தரம் சொன்னேன். "அப்பா, அனுமதி வரேல்லை. வாங்காதையுங்கோ. வாங்கினால் போயிடும்." அந்த நேரம் பார்த்து அந்தக் கண்ணாடிப் பெண் எங்கள் பெயரை வாசிக்கத் தொடங்கினாள். குணபால என்று தொடங்கி, மூச்சு வாங்கி, சிங்கம் என்று முடித்தாள்.

அப்பா எழும்பினார். கோட்டுக்குப் பொத்தான் போட்டார். என் பக்கம் குனிந்து சொன்னார்:

"பிரச்சினை ஒண்டும் இல்லை, சரிதானே?"

அந்தக் குரலில் அன்ரி. மிஸ்ஸின் குரலில். என் அப்பா வாழ்க்கையில் ஒருத்தரையும் செய்து காட்டியதில்லை. மெத்தென்று வராமல் கரகரவென்று வந்தது, கடைசியில் உடைந்தும் போனது. பிறகு தன் குரலில், "எழும்பு குஞ்சு. உன்னையும்தான் கூப்பிடுகினம்" என்றார்.

முன்னால் போய் நின்று உறுதிமொழியை ஒரு சொல் பிழைக்காமல் வாசித்தார். மேயர் கடதாசியை நீட்டினார். அப்பா வலது கையால் வாங்கினார். இடது கை, பழைய பாஸ்போட் இருக்கிற சேட்டுப் பொக்கற்றின் மேல் இருந்தது. கோட்டுக்கு மேலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா அழுதா. அவவுக்கு ஒன்றும் தெரியாது. அவவுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் அப்பா இப்படி நின்றார்.

திருப்பி எடுக்கலாம் என்கிறீங்கள். ஓம் அன்ரி, தெரியும். எடுக்கலாம்தான். விட்டுவிட்டுத் திருப்பிக் கேட்கிறவராய்ப் போய் நிற்கலாம்.

நீங்கள் அப்போதே கேட்டீங்கள், சனிக்கிழமையா என்று. நான்தான் ஏன் என்று கேட்டுவிட்டு மேலே பேசிக்கொண்டு போனேன். சனிக்கிழமை தூதரகம் பூட்டு. அப்பாவுக்குத் தெரியாதா? அது திறக்கிற பூட்டுகிற நேரங்களையே பாடமாக்கி வைத்திருந்த மனிசன். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டதென்றால், இந்தப் பக்கம் நான் பேசியது அவருக்குக் கேட்டிராதா? நான் விளையாட்டுக்குச் செய்தேன் அன்ரி. சத்தியமாய் விளையாட்டுக்கு. அவர் அதை, பழையதை விட்டுவிடச் சொல்லி நான் கேட்பதாய் எடுத்திருக்கிறார். வாய்விட்டுக் கேட்க முடியாமல் மிஸ்ஸின் குரலில் வந்து கேட்கிறேன் என்று.

அப்படியென்றால் நிலத்தில் இருந்து, "சரியடா சந்திரன், சரி" என்றது சந்தோசத்தில் இல்லை...

அம்மா கை காட்டுகிறா. படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். பூவைத் தாங்கோ.

வடிவாய் யோசித்துத்தான் சொல்கிறீங்களோ என்று கேட்டார் அன்ரி. உங்களுக்குச் சந்தோசமோ என்றும் கேட்டார். நான் லெயோனியைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு, சந்தோசம்தான் ஐயா என்றேன்.